பெரிய ஸ்கேல் ராக்கெட் நினைத்தபடி பறக்கவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் வழி

நிஜ ராக்கெட் ஒன்றின் அளவைச் சுருக்கி, ஆனாலும் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும்படி கட்டி, அதைப் பறக்கவிட்டு முழுசாகத் திரும்பக் கொண்டுவர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் ட்ரிப்போலி அல்லது என்.ஏ.ஆர். சங்கம் நடத்தும் ஏவுதலில், விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் வான்வெளி அனுமதியோடு, கடையில் விற்கும் சான்றளிக்கப்பட்ட மோட்டாரை வைத்துப் பறக்கவிடுகிற சூழலை மனதில் வைத்திருக்கிறேன். எரிபொருளை வீட்டில் கலப்பது பற்றி இதில் ஒன்றும் இல்லை, யாரும் அதில் கைவைக்கவும் வேண்டாம்.

எவ்வளவு பெரிதாகப் போகலாம் என்று கேட்பவர்களுக்கு: ஒஹாயோவைச் சேர்ந்த ஸ்டீவ் ஈவ்ஸ் 2009 ஏப்ரல் 25 அன்று மேரிலாந்தில் பறக்கவிட்ட சாட்டர்ன் 5 (அப்போலோ வீரர்களை நிலவுக்கு அனுப்பிய ராக்கெட்டின் மாதிரி), நிஜத்தில் பத்தில் ஒரு பங்கு. 36 அடி உயரம், 1648 பவுண்டு எடை, ஒன்பது மோட்டார்கள். 4440 அடி ஏறிவிட்டுப் பாராசூட்டில் பத்திரமாக இறங்கியது. நம்மில் பலர் அந்த அளவுக்குப் போகப் போவதில்லை. கீழே கணக்கு வரும் இடங்களில் 3.5 மீட்டர் உயரம், 20 கிலோ எடையுள்ள ஒரு ராக்கெட்டையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெரிய ராக்கெட்டில் கோளாறு கண்ணுக்குத் தெரிகிற கட்டம் ஒன்று, காரணம் உட்கார்ந்திருக்கிற கட்டம் பெரும்பாலும் அதற்கு முந்தியது. பாராசூட் கிழிந்தால் பாராசூட் கடையைத் திட்டுகிறோம், ஆனால் அது தவறான வேகத்தில் விரிந்திருக்கும். ஏவும்போது ராக்கெட்டை நேராகப் பிடித்துக்கொள்ளும் ரெயிலை விட்டதும் சாய்ந்தால் காற்றைத் திட்டுகிறோம், ஆனால் எடை கூடிப்போயிருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு படி பின்னால் போய்த் தேடுங்கள்.

கட்டும் முன்பே சிமுலேஷன் "நிலையற்றது" என்கிறது

ஸ்கேல் ராக்கெட் கட்டுகிறவர்களுக்கு முதல் சிக்கல் இங்கேதான். சொந்த டிசைன் என்றால் துடுப்பைப் பெரிதாக்கிவிட்டுப் போய்விடலாம், சாட்டர்ன் 5 கட்டுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. நிஜ சாட்டர்ன் 110.6 மீட்டர் உயரம், அடிப்பாகம் 10.1 மீட்டர் விட்டம், அவ்வளவு பெரிய உடம்புக்கு நான்கே நான்கு சின்னத் துடுப்புகள். அது நிமிர்ந்து போனதற்குத் துடுப்பு முக்கியக் காரணமே இல்லை. ஐந்து எஃப்-1 எஞ்சின்களில் வெளிவட்டத்து நான்கும் திசை திரும்பக்கூடியவை, உள்ளே இருந்த கைரோவும் கணினியும் நொடிக்கு நொடி அவற்றைத் திருப்பித் திருப்பி நேராக்கிக்கொண்டே போயின. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஏவிய வி-2-வுக்குத் துடுப்பு பெரிது என்றாலும் அதற்கும் எஞ்சின் வாயில் கிராஃபைட் தகடுகள் இருந்தன. நாம் எடுத்துக்கொள்வது வடிவத்தை மட்டும்தான், அந்தக் கட்டுப்பாட்டை அல்ல.

ஆக நம் ராக்கெட் காற்றின் விசையை மட்டும் நம்பி நேராகப் போக வேண்டும் என்றால் ஈர்ப்பு மையம், காற்றின் விசை மொத்தமாக விழும் புள்ளியான அழுத்த மையத்துக்கு முன்னால், மூக்குப் பக்கமாக, குறைந்தது ஒரு விட்டம் தள்ளி இருக்க வேண்டும். நீளமான ஒல்லி ராக்கெட்டுக்கு ஒரு விட்டம் போதாது, மொத்த நீளத்தில் 10 சதவீதம் என்று எடுத்துக்கொள்வது நல்லது. அழுத்த மையத்தைக் கணக்கிட 1960களில் ஜேம்ஸ் பாரோமன் வகுத்த முறையைத்தான் ஓபன்ராக்கெட் போன்ற மென்பொருள்கள் அடிப்படையாக வைத்திருக்கின்றன. அது காற்று ராக்கெட்டைச் சின்னக் கோணத்தில் சந்திக்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு. கோணம் பெரிதானால் உடம்புக் குழாயே விசை வாங்க ஆரம்பிக்கும், அழுத்த மையம் முன்னால் நகர்ந்துவிடும். "சிமுலேஷனில் ஒன்றரை விட்டம் காட்டியது, ஆனாலும் காற்றில் ஆடியதே" என்பவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும்.

திருத்தும் வழி பெரும்பாலும் மூக்கு எடை. கணக்கு எளிது. ராக்கெட் 20 கிலோ, ஈர்ப்பு மையத்தை 10 சென்டிமீட்டர் முன்னால் தள்ள வேண்டும், எடை வைக்கப்போகும் இடம் இப்போதைய ஈர்ப்பு மையத்திலிருந்து 2 மீட்டர் முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். வைக்க வேண்டிய எடையை 2-ஆல் பெருக்கினால் வருவதும், புதிய மொத்த எடையை 0.1-ஆல் பெருக்கினால் வருவதும் சமமாக இருக்க வேண்டும். விடை 1.05 கிலோ. ஈயக் குண்டுகளையோ இரும்புக் குண்டுகளையோ எப்பாக்ஸியில் கலந்து கூம்பின் நுனிக்குள் ஊற்றுவார்கள். அதோடு விடாமல் கூம்புச் சுவரைத் துளைத்து ஒரு குறுக்குக் கம்பியும் போட்டுவிடுங்கள், பிளாஸ்டிக் கூம்பில் எப்பாக்ஸி பிடிக்காது, ஒரு குலுக்கலில் முழுக் கட்டியும் கழன்றுவிடும். நுனியை விட்டு எவ்வளவு பின்னால் வைக்கிறீர்களோ அவ்வளவு கூடுதல் எடை தேவைப்படும்.

இன்னொரு வழி, நிஜத் துடுப்புக்குப் பின்னால் பாலிகார்பனேட்டில் கண்ணாடி போன்ற துடுப்பைச் சேர்ப்பது. பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. ஆனால் அது வளையும், வேகமான மோட்டாருக்கு ஒத்துவராது.

அப்போலோ சோதனைக்கு நாசா பறக்கவிட்ட லிட்டில் ஜோ 2 போன்ற குட்டை, பருமன் வடிவங்களில் கதை நேர்மாறு. நீளம் விட்டத்தைப் போல் 10 மடங்குக்கும் குறைவாக இருந்தால், அடிப்பாகத்தின் பின்னிழுப்பே ராக்கெட்டை நேராக்க உதவும், சிமுலேஷன் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்காக ராக்கெட்டின் வாலில் எடையே இல்லாத ஒரு கூம்பைச் சிமுலேஷனில் ஒட்டுவார்கள், அகன்ற பக்கம் பின்னால், நீளம் விட்டத்தைப் போல் 3.14 மடங்கு. இதைச் செய்யாமல் பயந்துபோய் இரண்டு கிலோ ஈயத்தை மூக்கில் ஏற்றினால் வேறு சிக்கல்தான் வரும்.

கட்டி முடித்தபின் எடை கூடிவிட்டது

கூடத்தான் செய்யும். எப்பாக்ஸி, ஃபைபர் கிளாஸ், ப்ரைமர், பெயின்ட், இவை நான்கையும் சிமுலேஷனில் யாரும் ஒழுங்காகச் சேர்ப்பதில்லை. பெரிய குழாய்க்குப் பெயின்ட் மட்டுமே கிலோக் கணக்கில் ஏறும். அதிலும் துடுப்பு வேலை முழுக்க வாலில் நடப்பதால் கூடுகிற எடை வாலில்தான் கூடும், ஈர்ப்பு மையம் பின்னால் போகும்.

அதனால் ஈர்ப்பு மையத்தைக் கணினியில் பார்க்காதீர்கள். மோட்டார், பாராசூட், கயிறு, பேட்டரி எல்லாம் ஏற்றிய ராக்கெட்டை அகலமான நாடாவில் தொங்கவிட்டு, சமமாக நிற்கும் புள்ளியில் ஒரு கோடு போடுங்கள், அழுத்த மையத்துக்கும் ஒரு கோடு போடுங்கள். ஏவுதளத்தில் பாதுகாப்பு அதிகாரி முதலில் கேட்பதே இந்த இரண்டு கோடுகளைத்தான். நிஜமாக எடைபோட்டுப் பெற்ற எண்ணைச் சிமுலேஷனில் திணித்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். 20 கிலோவுக்கு 1000 நியூட்டன் மோட்டார் என்றால் உந்துவிசை எடையைப் போல் 5 மடங்கு. மூக்கு எடை சேர்ந்து 21 கிலோ ஆனதும் அது 4.85 மடங்கு. ஐந்து மடங்கு என்பது பலரும் வைத்திருக்கும் பாதுகாப்பான அளவு, அதற்குக் கீழே போய்விட்டோம். மோட்டாரை மாற்ற வேண்டும், அல்லது எடையைக் குறைக்க வேண்டும்.

வீட்டில் பொருந்திய இணைப்பு, மைதானத்தில் நுழையவே மாட்டேன் என்கிறது

வெயில். கறுப்புப் பெயின்ட் அடித்த பகுதி வெள்ளைப் பகுதியைவிட வேகமாகச் சூடேறும், இரண்டு குழாய்களை இணைக்க உள்ளே போகும் கப்ளர் விரிந்து சிக்கிக்கொள்ளும், அட்டைக் குழாயாக இருந்தால் ஈரமும் சேர்ந்து ஊதவைக்கும். நிஜ சாட்டர்னுக்கும் இந்தத் தொல்லை இருந்திருக்கிறது. ஏவுதளத்தைச் சரிபார்க்க நிறுத்திய 500எஃப் மாதிரியில் முதல் கட்டத்தின் நடுப்பகுதி கறுப்பாக இருந்தது, சூடு அதிகமானதால் பறந்த ராக்கெட்டுகளில் அதை வெள்ளையாக்கினார்கள். கடையில் கிடைக்கும் பல கிட்கள் இன்னும் அந்த 500எஃப் பெயின்டையே காட்டுகின்றன, அப்போலோ 11 கட்டுகிறேன் என்பவர்கள் புகைப்படத்தைப் பார்த்து அடியுங்கள்.

தீர்வு: நிழலில் வையுங்கள், வெள்ளைத் துணி போர்த்துங்கள், கப்ளரை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றிவிடாதீர்கள். ஏறும்போது கஷ்டப்பட்ட இணைப்பு, மேலே பிரிய வேண்டிய நேரத்திலும் பிரியாது.

பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை

முதலில் ஏவுகருவியின் சாவியைக் கழற்றுங்கள். 60 வினாடி காத்திருங்கள். பாதுகாப்பு அதிகாரி சொன்ன பிறகு ஒருவர் மட்டும் போங்கள், போனதும் ஆல்டிமீட்டர் (உயரத்தை அளந்து பாராசூட்டை வெளியே விடவைக்கும் கருவி) ஸ்விட்சுகளை அணையுங்கள், அதன் பிறகே மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டரைத் தொடுங்கள். இந்த வரிசையை அவசரத்திலும் மாற்றக்கூடாது.

இப்போது இக்னைட்டரை வெளியே எடுத்துப் பாருங்கள். எரியவே இல்லையா? அப்படியென்றால் மின்சாரம் வரவில்லை. கிளிப்புகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது போன மோட்டாரின் கரி அவற்றில் அப்பியிருக்கும், அல்லது பேட்டரி இறங்கியிருக்கும். கிளிப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி பாருங்கள்.

எரிந்திருக்கிறது, ஆனால் மோட்டார் பிடிக்கவில்லை என்றால் இக்னைட்டர் போதுமான உயரத்தில் இல்லை. இந்த மோட்டார்களில் நடுத்துளை வழியாக எரிபொருள் முழு நீளத்துக்கும் எரியும், தீ மேல்முனையில் தொடங்க வேண்டும். இக்னைட்டரை உள்ளே தள்ளும் முன் மோட்டாரின் நீளத்தைக் கம்பியில் குறித்துக்கொண்டு, அந்தக் குறி மோட்டாரின் அடியில் தீ வெளியேறும் நாசில் வாய்க்கு வரும் வரை தள்ளுங்கள். கனமான கம்பி தன் எடையால் கீழே வழுக்கும், ஒரு மெல்லிய மரக்குச்சியில் டேப் போட்டு நிறுத்துங்கள்.

"புஸ்... புஸ்..." என்று இருமிவிட்டுப் பிறகு கிளம்பினால் அதுவும் இதே வகைதான். தீ கீழே பிடித்திருக்கிறது, அழுத்தம் ஏறவில்லை. வருடக்கணக்கில் வைத்திருந்த எரிபொருளின் மேற்பரப்பு மந்தமாகியும் இப்படி ஆகும். அதை என்ன செய்வது என்பது மோட்டார் செய்தவர் தரும் குறிப்பில் உள்ளபடி மட்டும்.

பல மோட்டார்களில் ஒன்று பற்றவில்லை

சாட்டர்ன் 5 கட்டுகிறவர்களுக்கு ஐந்து எஞ்சினையும், சாட்டர்ன் 1பி கட்டுகிறவர்களுக்கு எட்டு எஞ்சினையும் எரிய வைக்க ஆசை வரும், எனக்கும் அந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். ஆனால் கூட்டு மோட்டார்கள் எல்லாம் ஒரே கணத்தில் பற்றுவதில்லை. ஒரு பக்க மோட்டார் மட்டும் தவறினால் ராக்கெட் எதிர்ப்பக்கம் தள்ளப்படாமல், பற்றாத பக்கமாகத் திரும்பிக் கவிழும். எல்லா இக்னைட்டரையும் இணையாக இணையுங்கள், தொடராக வேண்டாம், தொடரில் ஒன்று முதலில் அறுந்தால் மற்றவற்றுக்கு மின்சாரம் போய்ச்சேராது. எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இக்னைட்டராக, குறைந்த மின்னோட்டத்தில் எரிபவையாக இருக்கட்டும். நடுவில் ஒரு பெரிய மோட்டார், சுற்றிலும் சிறியவை என்ற அமைப்பில், நடு மோட்டார் மட்டும் பற்றினாலும் ராக்கெட் பாதுகாப்பான வேகத்தில் ரெயிலைத் தாண்டும்படி தேர்ந்தெடுங்கள். நடுமோட்டார் தனியாகத் தாங்காது என்றால் அந்த டிசைனைப் பறக்கவிடாதீர்கள்.

ரெயிலை விட்டதும் காற்றுக்கு எதிராகச் சாய்ந்துவிட்டது

மோட்டார் கோணலாக இருந்தது, துடுப்பு கோணலாக இருந்தது என்றெல்லாம் சொல்வார்கள். அப்படியும் நடக்கும்தான், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ரெயிலை விடும்போது இருந்த வேகம். விநாடிக்கு 15 மீட்டராவது வேண்டும்.

இதில் பலரும் ஏமாறுகிற இடம் ரெயிலின் நீளம். 3.6 மீட்டர் ரெயில் இருக்கிறது என்று அதை அப்படியே கணக்கில் போடுகிறார்கள். ராக்கெட் நிற்கும்போதே, அதை ரெயிலில் மாட்டும் இரண்டு பட்டன்களில் மேல் பட்டன் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், அது இன்னும் 2.1 மீட்டர் போனதும் ரெயிலை விட்டுவிடும். அதன் பிறகு கீழ்ப் பட்டன் மட்டும்தான் பிடித்திருக்கிறது, ராக்கெட் அதைச் சுற்றித் திரும்ப ஆரம்பிக்கலாம். 21 கிலோ, தொடக்க விசை 1000 நியூட்டன், எடையைக் கழித்தால் மிச்சம் சுமார் 794 நியூட்டன், முடுக்கம் 37.8. 2.1 மீட்டரில் கிடைப்பது விநாடிக்கு 12.6 மீட்டர்தான். அந்த வேகத்தில் பக்கவாட்டில் விநாடிக்கு 5 மீட்டர் காற்று அடித்தால் ராக்கெட் காற்றைச் சந்திக்கும் கோணம் கிட்டத்தட்ட 22 பாகை. மேலே சொன்னேனே, பெரிய கோணத்தில் அழுத்த மையம் முன்னால் வரும் என்று, இரண்டும் இங்கே சேர்ந்துகொள்கின்றன. மெல்லிசாகக் காற்று வீசும் நாளில்கூடப் பெரிய ராக்கெட் படுத்துக்கொள்வது இதனால்தான்.

தீர்வு நீளமான ரெயில், அல்லது ஆரம்பத்திலேயே வேகமாக அழுத்தம் ஏறும் மோட்டார். மோட்டாரின் சராசரி விசையைப் பார்க்காமல் முதல் அரை விநாடியின் வளைகோட்டைப் பாருங்கள். மெதுவாக எழும்பும் மோட்டார் நிஜ சாட்டர்ன் மாதிரி கம்பீரமாகத் தெரியும் என்று தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு, அந்த ஆசைக்குக் காற்றே இல்லாத காலை நேரமும் உயரமான ரெயிலும் தேவை. பட்டன்கள் நேர்கோட்டில் இல்லாமல் ரெயிலில் உரசினாலும் வேகம் குறையும். ரெயிலில் ராக்கெட்டை ஏற்றி இறக்கிப் பாருங்கள், எங்கேயும் இறுகக்கூடாது. காற்று மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் விதிப்படியே ஏவ முடியாது, ஸ்கேல் ராக்கெட்டுக்கு அதில் பாதிகூட அதிகம்.

பாதி வழியில் துடுப்பு பிய்ந்தது, அல்லது ராக்கெட் நடுவில் மடங்கியது

துண்டுகளைப் பொறுக்குங்கள், பதில் அவற்றில் இருக்கிறது. துடுப்பின் அடிப்பகுதியில் பசை பளபளவென்று சுத்தமாக உரிந்து வந்திருந்தால் ஒட்டும் முன் மேற்பரப்பைத் தேய்க்கவில்லை. குழாயின் தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தால் ஒட்டு நன்றாகத்தான் இருந்திருக்கிறது, துடுப்பு குழாயின் வெளித்தோலில் மட்டும் நின்றிருக்கிறது. சுவரைத் துளைத்து உள்ளே மோட்டார் குழாய் வரை போய் ஒட்ட வேண்டும். துடுப்பே நடுவில் ஒடிந்து அடுக்கு அடுக்காகப் பிரிந்திருந்தால் படபடத்து உடைந்திருக்கிறது, தடிமன் போதவில்லை அல்லது வேகம் அதிகம்.

நடுவில் மடங்கியது என்றால் கப்ளர். ஒவ்வொரு பக்கமும் குறைந்தது ஒரு விட்டம் அளவு உள்ளே போயிருக்க வேண்டும். கான்கிரீட் வார்க்கும் அட்டைக் குழாயில் கட்டுகிறவர்கள் இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

மோட்டார் அணைந்த மறுகணமே மூக்குக் கூம்பு கழன்றது

பாராசூட்டை வெளியே தள்ளும் வெடிமருந்து முன்கூட்டியே வெடித்துவிட்டது என்று நினைப்பீர்கள். கூம்பின் உட்புறத்தில் கரி இருக்கிறதா பாருங்கள். கரி இல்லையென்றால் மருந்துக்கு இதில் பங்கே இல்லை. மோட்டார் நின்றதும் துடுப்பும் அகன்ற அடிப்பாகமும் உள்ள பின்பகுதியைக் காற்று பலமாக இழுக்கிறது, ஈயம் ஏற்றிய மூக்கு தன் வேகத்தில் முன்னால் போக நினைக்கிறது, இரண்டும் பிரிந்துவிடுகின்றன. ஸ்கேல் ராக்கெட்டில் மூக்கு எடை இருப்பதால் இது மற்றவற்றைவிடச் சுலபமாக நடக்கும். மருந்து வெடித்தால் அறுந்து வழிவிடும் நைலான் ஷியர் பின் போடுங்கள், டேப் சுற்றி இறுக்குவதை நம்பாதீர்கள். கூடவே ஒவ்வொரு பாராசூட் அறைக்கும் ஒரு சின்னத் துளை போடுங்கள், உயரம் ஏற ஏற வெளியே அழுத்தம் குறையும், உள்ளே அடைபட்ட காற்றும் கூம்பைத் தள்ளும்.

உச்சியிலேயே பெரிய பாராசூட்டும் வந்துவிட்டது

உச்சியில் சின்ன பாராசூட், தரைக்கு 200 அல்லது 300 மீட்டர் இருக்கும்போது பெரியது, இதுதான் திட்டம். இரண்டும் மேலேயே வந்தால் ராக்கெட் காற்றோடு பல கிலோமீட்டர் போய்விடும். இதற்கு மூன்று காரணங்கள், மூன்றுக்கும் தடயம் வேறு.

பெரிய பாராசூட்டின் அறையில் மருந்து எரியாமல் அப்படியே இருக்கிறதா? ஷியர் பின்கள் குலுக்கலில் அறுந்திருக்கின்றன. உச்சியில் ராக்கெட் இரண்டாகப் பிரிந்து கயிற்றின் முனைக்கு வரும்போது ஒரு பலமான இழுப்பு விழும், கனமான மூக்கு அந்த இழுப்பில் தொடர்ந்து ஓடப் பார்க்கும். பின்களைக் கூட்டுங்கள், கயிற்றை நீளமாக்குங்கள், ராக்கெட் நீளத்தைப் போல் மூன்று நான்கு மடங்காவது. பின்களைக் கூட்டினால் மருந்தையும் மறுபடி தரையில் சோதிக்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

மருந்து எரிந்திருக்கிறது, ஆல்டிமீட்டர் அறையைத் திறந்தால் உள்ளே கரி மணக்கிறது என்றால், முதல் வெடிப்பின் வாயு அந்த அறைக்குள் கசிந்திருக்கிறது. ஆல்டிமீட்டருக்குத் தெரிந்தது அழுத்தம் மட்டும்தான். அழுத்தம் திடீரென்று கூடினால் கீழே இறங்கிவிட்டோம் என்று நினைத்து அடுத்ததையும் வெடிக்கும். பதிவை எடுத்துப் பாருங்கள், உச்சியில் உயரக்கோடு ஒரு ஊசிபோல் கீழே குத்தியிருக்கும். கம்பி நுழையும் துளைகளையும், நடுவில் ஓடும் இரும்புக் கம்பி நுழையும் இடங்களையும் அடையுங்கள்.

பெரிய பாராசூட் மேலே வந்தது, சின்னது 300 மீட்டரில் வந்தது என்றால் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. இரண்டு சேனலுக்கும் இரண்டு நிறக் கம்பி வாங்குங்கள்.

ஆல்டிமீட்டர் அறைக்குள் வெளிக்காற்று வரும் காற்றழுத்தத் துளைகள் தப்பான இடத்தில் இருந்தாலும் ஆல்டிமீட்டர் குழம்பும். சாட்டர்னின் வெளிப்புறத்தில் ஒட்டும் நெளிவுத் தகடுகள், குழாய் மூடிகள், சின்னச் சின்ன மேடுகள், இவற்றுக்குப் பின்னால் காற்று சுழலும். துளை வழுவழுப்பான இடத்தில், சுற்றிலும் சம தூரத்தில் மூன்று நான்காக இருக்கட்டும். அளவுக்கு, 1.6 லிட்டர் கொள்ளளவுக்கு 6 மில்லிமீட்டர் துளை ஒன்று என்ற கணக்கு போதும், நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர்.

எதுவுமே விரியாமல் நேராக வந்து குத்தியது

இதைவிட மோசமான சத்தம் இந்தப் பொழுதுபோக்கில் கிடையாது. 20 கிலோ மேலேயிருந்து வருகிறது, யாராவது கீழே நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் இந்தப் பகுதியை மட்டுமாவது கட்டும் முன்பே படியுங்கள்.

கிளறி எடுத்ததும் மருந்து வைத்த கிண்ணத்தைப் பாருங்கள். எரிந்து, சுவரெல்லாம் கரியாகி, ஆனால் பிரியவில்லை என்றால் மருந்து குறைவு அல்லது இணைப்பு இறுக்கம். மருந்தைப் பற்றவைக்கும் மின் தீக்குச்சி எரிந்து மருந்து எரியவில்லை என்றால் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை, கிண்ணத்தில் மருந்து ஆடாமல் பஞ்சு வைத்து அடைத்திருக்க வேண்டும். தீக்குச்சியே எரியவில்லை என்றால் கம்பி, பேட்டரி, ஸ்விட்ச். ஆல்டிமீட்டரில் பதிவே பாதியில் நின்றிருந்தால் பறக்கும்போது மின்சாரம் அறுந்திருக்கிறது, 9 வோல்ட் பேட்டரியைச் சுருள் பிடியில் மட்டும் விட்டவர்களுக்கு இது நடக்கும். முடுக்கத்தில் பேட்டரி எந்தப் பக்கம் தள்ளப்படும் என்று யோசித்து, அந்தப் பக்கம் சுவர் இருக்கும்படி வைத்து, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். மிக உயரமாக, 6000 மீட்டருக்கு மேல் போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: காற்று மெலிந்த இடத்தில் பிளாக் பவுடர் முழுதாக எரியாது, மருந்தை இறுக்கமாக அடைத்து மூட வேண்டும்.

பெரிய ராக்கெட்டில் ஆல்டிமீட்டர் இரண்டு வையுங்கள். பேட்டரி, ஸ்விட்ச், மருந்து எல்லாமே தனித்தனி. இரண்டாவது ஒரு விநாடி தாமதித்து, சற்றுக் கூடுதல் மருந்தோடு வெடிக்கட்டும். ஒரே பேட்டரியில் இரண்டு ஆல்டிமீட்டரை இணைத்துவிட்டு இரட்டைப் பாதுகாப்பு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

தரைச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. பாராசூட், கயிறு, பின் எல்லாம் பறக்கும்போது இருப்பது போலவே வைத்து, தரையில் கிடத்தி, முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லாமல், தள்ளி நின்று வெடித்துப் பாருங்கள். இரண்டு பகுதிகளும் விறைப்பாகப் பிரிந்து கயிறு நீள வேண்டும். தயங்கித் தயங்கிப் பிரிந்தால் போதாது. மருந்தைக் கையாளுவது சங்கத்தில் அனுபவம் உள்ள ஒருவர் கூட இருக்கும்போது மட்டும், கண்ணைக் காக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு.

விரிந்தது, ஆனால் குழாய் கிழிந்தது அல்லது தரையில் அடித்தது

நூலால் சோப்புக்கட்டியை அறுப்பது போல, மெல்லிய கயிறு குழாயை மேலிருந்து கீழாக அறுத்திருந்தால், பாராசூட் வேகம் அதிகமாக இருந்தபோது வந்திருக்கிறது. உச்சியில் வேகம் கிட்டத்தட்ட இல்லாமல் போகும், இரண்டு விநாடி தாமதித்தாலும் ஏறிவிடும். ரெயிலை விட்டதும் சாய்ந்த ராக்கெட் உச்சியிலும் பக்கவாட்டில் வேகமாகவே போய்க்கொண்டிருக்கும், அதனால் கிழிசலுக்குக் காரணம் தேடி மறுபடி ரெயில் வரை பின்னால் போக வேண்டியிருக்கும். அகலமான நைலான் பட்டை, குழாய் விளிம்பில் ஒரு பாதுகாப்பு வளையம், இவை சேதத்தைக் குறைக்கும்.

தரையில் பலமாக அடித்தால் பாராசூட் சின்னது. இறங்கும்போது 18 கிலோ, விநாடிக்கு 6 மீட்டர் வேகம் வேண்டும் என்றால் சாதாரணத் தட்டைப் பாராசூட் 3.6 மீட்டர் விட்டம் இருக்க வேண்டும். 9 மீட்டர் வேகத்தில் விழுந்தால் மோதும் ஆற்றல் இரண்டேகால் மடங்கு, முதலில் போவது சாட்டர்னின் துடுப்பும் எஞ்சின் மூடிகளும். நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1200 மீட்டர் உயரம், அங்கே காற்று மெலிது, அதே பாராசூட் இன்னும் கொஞ்சம் வேகமாகத்தான் இறக்கும். ஓட்டை விழுந்து உருகியிருந்தால் தீப்பிடிக்காத நோமெக்ஸ் துணியால் சரியாகப் போர்த்தவில்லை. விரியாமல் சுருண்டே வந்திருந்தால் வாரக்கணக்கில் மடித்தே வைத்திருந்திருப்பீர்கள், ஏவும் நாள் காலையில் மடியுங்கள்.

இறங்கியது, எங்கே என்று தெரியவில்லை

ஜிபிஎஸ் டிராக்கர் வேலை செய்யவில்லை என்றால் அது எதற்குள் இருந்தது என்று பாருங்கள். கார்பன் ஃபைபர் குழாயும் உலோகத்தூள் கலந்த வெள்ளிப் பெயின்டும் ரேடியோவை மறைக்கும், ஈயம் நிரம்பிய மூக்கும் அப்படித்தான். ஃபைபர் கிளாஸ் மறைக்காது. டிராக்கரை வைத்துவிட்டு ராக்கெட்டைப் படுக்கப்போட்டு, சில நூறு மீட்டர் நடந்துபோய் சிக்னல் வருகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். மேலே இருக்கும்போது வந்த சிக்னல் தரையில் விழுந்ததும் நின்றுபோகும், கடைசியாக வந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அதிலிருந்து காற்று அடித்த திசையில் தேடுங்கள்.

கண்டுபிடித்ததும் ஓடிப்போய்த் தூக்கிவிடாதீர்கள். இரண்டு ஆல்டிமீட்டர் வைத்த ராக்கெட்டில் ஒரு மருந்தாவது எரியாமல் மிஞ்சியிருக்கலாம். மூக்குக்கும் வாலுக்கும் நேராக நிற்காமல் பக்கவாட்டில் வாருங்கள், கிடக்கிற கோலத்தில் நாலைந்து படம் எடுங்கள், கயிறு எப்படிச் சுற்றியிருக்கிறது, எந்தப் பின் அறுந்திருக்கிறது என்பதெல்லாம் தொட்டபின் கிடைக்காது. ஆல்டிமீட்டர் பீப் அடித்துச் சொல்லும் உயரத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு ஸ்விட்சுகளை அணைத்து, எரியாத மருந்தின் கம்பிகளைக் கழற்றி முனைகளைச் சேர்த்து முறுக்கிவிட்டு, அதன் பிறகு தூக்குங்கள்.